ஒரு ரூபாய் அளவு வலி

போன மாதம் ஒரு விடியற்காலை. எங்கள் ஊர் பள்ளிக்கூட மைதானத்தில் பட்டாளத்தில் சேரத் தயாராகிற பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே ஸ்டாப் வாட்சோடு நின்றிருந்தேன். மூன்றாவது சுற்றில் ஒருவன் மட்டும் வளைவில் திரும்பும்போது வலது காலைக் கொஞ்சம் சீக்கிரமாகத் தூக்கினான். கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். அடுப்பில் கால் வைத்தவன் எடுப்பதுபோல ஒரு அவசரம், அவ்வளவுதான். அந்த அவசரம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நாலு சுற்று முடிந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ட்ராக் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டச் சொல்லி, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தேன். "வலிக்குதாடா?" "இல்லண்ணா." "இங்க?" "இல்லண்ணா." கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வந்தபோது வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் புட்டம் தரையைவிட்டு எழும்பியது.

இந்தப் பையன்கள் எல்லாவற்றையும் 'ஷின் பெயின்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். அழுத்தும்போது வலி ஒரு கையளவு நீளத்துக்குப் பரவி இருந்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் தசையும் புண்ணாகியிருக்கின்றன, ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து மறைத்துவிடலாம் என்கிற அளவுக்கு ஒரே இடத்தில் குத்தினால்தான் பயப்பட வேண்டும். அப்போது எலும்பில் விரிசல் விழுந்திருக்கலாம். இது டாக்டர் செய்யவேண்டிய சோதனை, நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த ஒன்றை எனக்கு என் கால் கற்றுக்கொடுத்தது.

2006இல் நான் பட்டாளத்துக்குப் போனேன். பதினேழு வருட சர்வீஸ் முடித்து பென்ஷனோடு வீட்டுக்கு வந்தவன். வேலூர்ப் பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிற ஜில்லா இது. எங்கள் தெருவிலேயே ஆறு பேர். அதனால் வீட்டில் யாரும் அழவில்லை, அம்மா மட்டும் முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். நான் பயிற்சி எடுத்த மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வடக்கே, வெயிலும் குளிரும் இரண்டும் கடுமையாக இருக்கிற ஒரு ஊர்.

ஆள் எடுக்கிற ரேலியில் 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்டினால் போதும். உள்ளே போன பிறகுதான் உண்மையான ஓட்டம். முதலில் கேன்வாஸ் ஷூவில் பி.டி., அதாவது உடற்பயிற்சி. அப்புறம் பூட்ஸ். அப்புறம் முதுகில் பிட்டு என்கிற பை, கையில் ரைஃபிள். அந்த இன்சாஸ் ரைஃபிள் மட்டுமே 4 கிலோவுக்கு மேல். இத்தனையும் மாட்டிக்கொண்டு ஓடுகிற சோதனைக்கு பிபிஇடி என்று பெயர். அதில் 5 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு, கயிறு ஏறுவது உண்டு, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது உண்டு. பிட்டு எடை குறைவாக இருந்தால், பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் சிரித்துக்கொண்டே ஒரு செங்கல்லை உள்ளே வைப்பார்.

எடைகூட ஒரு பிரச்சினை இல்லை, பழகிவிடும். பூட்ஸ் தரையில் விழும் சத்தம் இருக்கிறதே, நாற்பது பேர் ஒரே தாளத்தில் தார் ரோட்டில் ஓடும்போது, அது தலைக்குள் ஏறும். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது என்று பின்னால் படித்தேன். அப்போது அதெல்லாம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: முன்னால் போகிறவனின் முதுகு. அது தூரமாகக் கூடாது.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ வலி ஆரம்பித்தது. முதலில் ஓடி முடித்த பிறகு வலித்தது. பிறகு ஓடும்போது வலித்தது. பிறகு ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தது. வரிசை இப்படித்தான் போகும். நான் என்ன செய்தேன் என்றால், யாரிடமும் சொல்லவில்லை. ஐயோடெக்ஸ் தடவி, கிரேப் பேண்டேஜ் சுற்றி, அதற்கு மேல் காலுறை போட்டு மறைத்தேன். காலையில் எம்ஐ ரூம் என்கிற மருத்துவ அறைக்குப் போய் உடம்பு சரியில்லை என்று சிக் ரிப்போர்ட் செய்யலாம், தடையில்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவனை மற்றவர்கள் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. காம்சோர் என்பார்கள். வேலைக்குக் கள்ளன். இந்தியில் எனக்குப் புரிந்த முதல் பத்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. நொண்டாமல் நடப்பது எப்படி என்று நான் தனியாகப் பழகினேன். இரண்டு காலையும் ஒரே மாதிரி நொண்டினால் நொண்டுவது தெரியாது.

ஒரு நாள் அந்த ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டினேன். நான் அந்தப் பக்கம் இறங்கினேன், என் வலது கால் இறங்கவில்லை. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். எனக்கு மட்டும் கேட்டதா, மற்றவர்களுக்கும் கேட்டதா தெரியாது. முருங்கை மரத்தில் ஏறாதே என்று பாட்டி சொன்னதுதான் அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது.

ராணுவ ஆஸ்பத்திரியில் எலும்பு வார்டு முழுக்க என்னைப் போன்றவர்கள். குண்டடி பட்டவன் ஒருவன்கூட இல்லை. எல்லாரும் ஓடி ஒடிந்தவர்கள். ஒருவனுக்குப் பாதம், ஒருவனுக்குத் தொடை, ஒருவனுக்கு இடுப்புக்குக் கீழே தொடை எலும்பின் கழுத்தில். அவன்தான் ரொம்ப பாவம், அங்கே உடைந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். அங்கிருந்த மேஜர் டாக்டர் ஒருவர் ரவுண்ட்ஸ் வரும்போது கொஞ்சம் நின்று பேசுவார். அவர்தான் எனக்கு எலும்பைப் பற்றிச் சொன்னார்.

எலும்பு கல் மாதிரி கிடப்பதில்லை, ஓயாமல் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. புதிய பாரம் விழுந்தால், பழைய சுவரை முதலில் இடிக்கும், அப்புறம்தான் கெட்டியாகக் கட்டும். இடிக்கிறவர்கள் சில வாரத்தில் வேலையை முடித்துவிடுவார்கள். கட்டுகிறவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஆக, பயிற்சி தொடங்கி மூன்றாவது நாலாவது வாரத்திலிருந்து எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கிறது. நுரையீரலும் தசையும் அதற்குள் தேறிவிடும். ஆள் வேகமாக ஓடத் தொடங்கியிருப்பான். உஸ்தாதும் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். மேஸ்திரி சுவரை இடித்துப்போட்டிருக்கிற வீட்டில் கல்யாணம் வைப்பது மாதிரி.

இது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1855இலேயே ப்ரஷ்ய ராணுவ மருத்துவர் ப்ரைட்ஹாப்ட், நீண்ட அணிநடைக்குப் பிறகு சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. எக்ஸ்ரே வந்தது 1895இல். இரண்டே வருடத்தில், 1897இல், ஷ்டெகோ என்பவர் எக்ஸ்ரேயில் பார்த்து அந்த வீக்கத்துக்குள் எலும்பு முறிவு இருக்கிறது என்று காட்டினார். அதற்கு முன் ஒடிந்த காலோடு நடந்தவர்கள் எத்தனை பேரை வேலைக்குக் கள்ளன் என்று திட்டியிருப்பார்கள்! இன்றும் ஆரம்ப வாரங்களில் சாதாரண எக்ஸ்ரேயில் இந்த விரிசல் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ போன்ற ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். "எக்ஸ்ரே நார்மல், ஓடலாம்" என்று எழுதிக்கொடுத்த சீட்டோடு ஓடி ஒடித்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சர்வீஸில் பின்னாட்களில் ஒரு ஆபீஸ் வேலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வாய்ப்பு வந்தது. அப்போது இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். என் காலை ஒடித்தது எது என்று தெரிந்துகொள்ளும் வெறி என்றுகூடச் சொல்லலாம். 1980களில் இஸ்ரேல் ராணுவத்தில் மில்க்ரோம் என்ற டாக்டரும் மற்றவர்களும் 295 காலாட்படை ரெக்ரூட்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். 31 சதவீதம் பேருக்கு இந்த வகை எலும்பு முறிவு. மூன்றில் ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஷூவை மாற்றிப் பார்த்தார்கள், உள்ளே மெத்தை வைத்துப் பார்த்தார்கள், என்னென்னவோ செய்தார்கள். ஏறக்குறைய 25 வருடப் போராட்டத்துக்குப் பிறகு பெரிய பலன் கொடுத்தவை இரண்டு. மொத்தமாக நடக்கிற தூரத்தைக் குறைத்தது ஒன்று. ராத்திரி குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கவிட்டது இன்னொன்று. இரண்டையும் சேர்த்துச் செய்ததில் முறிவுகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன.

தூக்கம்! இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். எங்களுக்கு நாலு மணி நேரம் தூக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பத்தரைக்கு விளக்கணைப்பார்கள், அதற்குப் பிறகுதான் பூட்ஸ் பாலிஷ், பெல்ட்டின் பித்தளைக்கு பிராசோ, கம்பளியை செங்கல் மாதிரி மூலை பிடித்து மடிப்பது எல்லாம். மூன்றரைக்கு எழுந்தால்தான் கக்கூஸ் கிடைக்கும். ராத்திரியில் உடம்பு கட்ட வேண்டிய சுவரை நாங்கள் பித்தளை தேய்த்துக்கொண்டு தொலைத்தோம்.

இன்னொன்றும் படித்தேன். அமெரிக்க மரைன் படையின் சான் டியாகோ முகாமில் பயிற்சிக்கால ஓட்டத்தின் மொத்தத் தூரத்தை 55 மைலிலிருந்து 33 மைலாகக் குறைத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சரி, வேகம் என்ன ஆனது? கடைசி மூன்று மைல் சோதனையில் சராசரி நேரம் ஏறக்குறைய அரை நிமிடம்தான் கூடியது. அதாவது அந்த 22 மைல் யாரையும் பெரிதாக வேகமாக்கவில்லை, கால்களை மட்டும் உடைத்திருக்கிறது. இதை எங்கள் உஸ்தாதிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தவளை நடை ரெண்டு சுற்று எக்ஸ்ட்ரா.

காலோடு முடிகிற சங்கதியும் இல்லை. என் பக்கத்துக் கட்டிலில் கொல்லத்துக்காரன் ஒருவன் இருந்தான். ஒரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவன் முகம் வெளுத்து, "அண்ணா, மூத்ரம் கட்டஞ்சாயா மாதிரி போகுது" என்றான். கட்டஞ்சாயா என்றால் பாலில்லாத டீ. அன்று அவன் ரத்தம் கக்கிச் சாகப்போகிறான் என்றே நாங்கள் நம்பினோம். 1881இல் ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கும் இதேதான் நடந்தது, அணிநடைக்குப் பிறகு சிறுநீர் கறுத்துப்போனது. கெட்டித்தரையில் பாதம் திரும்பத் திரும்ப மோதும்போது உள்ளங்காலில் ஓடும் ரத்தத்தின் சிவப்பணுக்கள் நசுங்கி உடைகின்றன, அதன் சாயம் சிறுநீரில் இறங்குகிறது என்பது தெளிவானது 1960களில்தான். மெத்தென்ற உள்ளங்கால் அட்டை வைத்தால் நின்றுவிடும். இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

ஆனால் அதே கட்டஞ்சாயா நிறத்தில் இன்னொன்றும் வரும். அது தசை உடைந்து வருவது. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் பிழிந்தெடுத்தால், அதுவும் வெயிலில், தசை நார்கள் சிதைந்து உள்ளே இருக்கும் சரக்கெல்லாம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கூடவே வலி மாத்திரையும் போட்டு, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் சொல்லவே வேண்டாம். எது எந்த வகை என்று கக்கூஸில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் மாறினால் அன்றே ஆஸ்பத்திரி. கொல்லத்துக்காரனை அன்றைக்கு யாரும் கூட்டிப்போகவில்லை, அவன் பிழைத்தது அவன் நல்ல நேரம்.

வெயிலைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும், சுருக்கமாகச் சொல்கிறேன். பேரிஸ் ஐலண்ட் என்ற மரைன் முகாமில் 1950களில் வெயிலில் விழுந்தவர்களைப் பார்த்துத்தான் வெயிலின் கடுமையை அளக்க ஒரு கணக்கு உருவானது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானிக்கு 20 சதவீதம், நிழலில் வைத்த சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10 சதவீதம். ஏனென்றால் கொல்வது சூடு மட்டும் இல்லை, புழுக்கம். வேர்வை காயாவிட்டால் உடம்பு ஆறாது. சென்னையில் 34 டிகிரி ராஜஸ்தானின் 40ஐவிட மோசமாக இருப்பது இதனால்தான். இந்தக் கணக்குப்படி அளவு 32 டிகிரியைத் தாண்டினால் அங்கே கறுப்புக் கொடி ஏற்றி, கடுமையான பயிற்சியை நிறுத்துவார்கள்.

குளிர் தேசத்தில் இது நடக்காது என்று நினைக்கக் கூடாது. 2013 ஜூலை 13, வேல்ஸில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலை. பிரிட்டனின் சிறப்புப் படையான எஸ்ஏஎஸ் தேர்வுக்காக ரிசர்வ் வீரர்கள் முதுகில் 22 கிலோ சுமந்து 26 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த வருடத்தின் மிக வெப்பமான நாட்களில் ஒன்று. மூன்று பேர் இறந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் எங்கே இருக்கிறார் என்று காட்டுகிற கருவி இருந்தது. விசாரணை அதிகாரி கடைசியில் கவனக்குறைவு என்றே எழுதினார். நான் இதில் யோசிப்பது வேறு. அந்த மூன்று பேரும் உட்கார்ந்திருக்கலாம், கைதூக்கி முடியவில்லை என்றிருக்கலாம். சொல்லமாட்டார்கள். எனக்குத் தெரியும். முடியவில்லை என்று சொல்லத் தெரிந்தவன் அந்த மலைக்கே போயிருக்கமாட்டான். அப்படிப்பட்ட ஆளைத் தேடித்தான் தேர்வே வைக்கிறார்கள். அதனால்தான் அவனுக்குப் பதிலாக வேறொருவர் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டு ஓட்டத்தின்மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து, ஒரு பேட்ச் பின்தங்கி, மறுபடி அதே பிபிஇடியை அதே பள்ளத்தோடு முடித்தேன். ஐந்து கிலோமீட்டர் முடியும் இடத்தில் வாய் வறண்டு தலை லேசாகி, ஏதோ ஒன்று உடம்பை விட்டுத் தனியாக ஓடுகிற மாதிரி ஒரு நிமிடம் வரும். அதற்காக இன்னொரு தடவை காலை உடைத்துக்கொள்வேனா என்று கேட்டால், வெட்கமாகத்தான் இருக்கிறது, யோசிப்பேன். மில்கா சிங்கே பட்டாளத்தில் சேர்ந்த பிறகு க்ராஸ் கன்ட்ரியில்தான் கண்டெடுக்கப்பட்டார். புதுக்கோட்டைக்காரரான லட்சுமணன் ராணுவத்திலிருந்து போய் 2017 புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். வயிற்றுக்குச் சோறு, காலுக்கு ஷூ, மாதச் சம்பளம் மூன்றையும் கொடுத்து எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளை ஓடச் சொன்ன இடம் வேறு எது?

இப்போது என் வலது முழங்கால் மாடிப்படி இறங்கும்போது உப்பைக் கடிக்கிற மாதிரி நெரிகிறது. மழைக்காலத்தில் அந்தப் பழைய முறிவு வானிலை அறிக்கை சொல்லும். மனைவி சிரிப்பாள்.

ஆனால் மைதானத்துக்கு வருகிற பையன்களைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. எங்களுக்காவது உள்ளே போன பிறகு ஒடிந்தது. இவர்கள் வெளியிலேயே ஒடித்துக்கொண்டு போகிறார்கள். ரேலியின் அந்த 1.6 கிலோமீட்டரை நெடுநாளாக 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மார்க், 5.45க்குள் என்றால் 48 என்றிருந்தது. அந்தப் பதினைந்து விநாடிக்காக, நேற்றுவரை பைக்கில் சுற்றியவன் இன்று காலையும் மாலையும் பைபாஸ் தார் ரோட்டில், முந்நூறு ரூபாய் ஷூவில், தினம் பத்து கிலோமீட்டர். ரேலிக்கு முன்னால் வலி ஊசி போட்டுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்டால், "வயசு போயிடும்ணா" என்பார்கள். அக்னிவீருக்கு வயது வரம்பு உண்டு. அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை, எலும்பு கட்ட மூன்று மாதம் கேட்கிறது, வயது அதைத் தருவதில்லை.

அந்தப் பையனுக்கு வருவோம். எக்ஸ்ரே எடுத்தான், ஒன்றுமில்லை என்றார்கள். எம்ஆர்ஐக்குப் பணம் இல்லை. நான் ஆறு வாரம் ஓடக்கூடாது என்றேன், சைக்கிள் மிதி, கிணற்றில் நீச்சலடி, மூச்சு குறையாது என்றேன். ரேலிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. அவன் அப்பா என் வீட்டுக்கே வந்துவிட்டார். கோபமாக வரவில்லை, அதுதான் கஷ்டம். திண்ணையில் உட்கார்ந்து, "நீங்களும் ஒடிச்சிக்கிட்டுத்தானே தம்பி போனீங்க? பதினேழு வருஷம் சம்பளம் வாங்கினீங்கல்ல?" என்றார். நான் காபி கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

மறுநாளிலிருந்து பையன் மைதானத்துக்கு வரவில்லை. ஓய்வெடுக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், அல்லது அப்படி நினைக்க விரும்பினேன். பத்து நாள் கழித்து, விடியாத இருட்டில் பால் வாங்க டிவிஎஸ் எக்ஸெல்லில் போகும்போது, ஏரிக்கரைக்குப் பக்கத்து ரோட்டில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு முதுகு தெரிந்தது. வலது காலைக் கொஞ்சம் சீக்கிரமாகத் தூக்கினான். இப்போது இடது காலையும்.

வண்டியை மெதுவாக்கி அவனுக்குப் பக்கத்தில் போனேன். திரும்பிப் பார்த்தவன் நிற்கவில்லை, முகத்தை மட்டும் முன்னால் திருப்பிக்கொண்டான். நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தாரை விட்டு எறங்குடா, மண்ணுல ஓடு" என்றேன்.

இறங்கி ஓடினான்.